அட்லஸ் மலைக் கிராமத்தில் ஆறு வாரம்: கோடையில் தன்னார்வலராகப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தேனிக்காரி | 2018 ஏப்ரல் 29

எல்லாருக்கும் வணக்கம். பிரான்சின் லியோன் நகரில் முதுகலை படிக்கிறேன். எங்கள் மாணவர் சங்கம் ஒன்று ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 26 வரை மொராக்கோவுக்கு ஆள் சேர்க்கிறது. இடம் அசிலால் மாகாணத்தில் ஒரு மலைக் கிராமம். காலையில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வகுப்பு, மாலையில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவது. ஆளுக்கொரு வீட்டில் தங்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் பயம் வருகிறது.

நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். தேனியில் எங்கள் தெருவுக்கு அடுத்ததே பள்ளிவாசல் தெருதான். ஆனாலும் அங்கே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டது வாழ்க்கையில் ஒரே முறை. பெருநாளன்று எல்லாருக்கும் பிரியாணி, எனக்கு மட்டும் ஒரு தட்டில் கேசரி. அந்தக் கேசரி தந்த கூச்சம் இன்னும் போகவில்லை. இப்போது 43 நாள் ஒரு வீட்டில்! அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது, என்னவெல்லாம் செய்யக்கூடாது?

சந்தேகி | 2018 ஏப்ரல் 29

எவ்வளவு பணம் கட்டினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பள்ளிச் சுவரைப் போய்ப் பாருங்கள். போன வருடம் வந்த கூட்டம் பூசிய வண்ணம் காய்ந்தேகூட இருக்காது. ஊரில் வண்ணம் பூசத் தெரிந்தவன் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், ஐரோப்பாவிலிருந்து பெண்பிள்ளைகள் வந்து தூரிகை பிடிப்பார்கள். இதற்குச் சுற்றுலா என்றே பெயர் வைத்துவிட்டுப் போகலாம்.

பழைய மூட்டை | 2018 மே 1

சந்தேகி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நான் 2014 முதல் 2016 வரை பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் திட்டத்தில் தன்னார்வலராக அதே மாகாணத்தில், வேறொரு பள்ளத்தாக்கில் இருந்தேன். மூன்று மாதப் பயிற்சி, இரண்டு வருட வேலை, ஆக மொத்தம் 27 மாதம். பீஸ் கோர் மொராக்கோவுக்கு 1963 முதல் ஆள் அனுப்புகிறது, அதனால் மலையூர்க் கிழவிகளுக்கு நம்மைப் போன்ற ஆட்கள் புதிதில்லை. "உனக்கு முன்னால் இருந்தவள் ரொட்டி நன்றாகச் சுடுவாள்" என்று முதல் நாளே ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

தேனிக்காரி, முதலில் அந்தக் கால அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். ஜூலையில் பிரெஞ்சு வகுப்புக்கு யார் வருவார்கள்? கோதுமை அறுத்துக் களத்துக்கு வந்திருக்கும் நேரம் அது. களத்தின் நடுவில் கம்பம் நட்டு, கோவேறு கழுதைகளைப் பிணைத்துச் சுற்றவிடுவார்கள். நம் ஊர்ப் பிணையல் மாடுதான், மாட்டுக்குப் பதில் கழுதை. பையன்கள் பாதிப் பேர் ஆடுகளோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர், புல், தம்பி தங்கை என்று வேலை இருக்கும். வகுப்புக்கு ஆறு பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஆறு பேருக்கும் வெவ்வேறு வயது, அதில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வருவாள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். விடியும் முன் வீட்டம்மா மாவு பிசையும் சத்தத்தில் விழிப்பீர்கள். காலைக்குச் சுடச்சுட ரொட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ் எண்ணெய், தேநீர். பத்தரை மணிவரை வயல், வாய்க்கால், துணி துவைப்பது எல்லாம் நடக்கும். அப்புறம் வெயில் ஏறிவிடும். மண் வீட்டின் சுவர் முழங்கை நீளம் தடிமன், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊரே படுத்துவிடும். நான்கரை மணிக்கு முன் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். பிற்பகல் தொழுகைக்கான அஸ்ர் பாங்குக்குப் பிறகுதான் ஊர் மறுபடி எழும். மறுபடி தேநீர். பொழுது சாய்ந்ததும் பெண்கள் கூட்டமாகப் பாதையோரம் நடப்பார்கள், நீங்களும் நடப்பீர்கள். இரவுச் சாப்பாடு பத்தரைக்கு, சில நாள் பதினொன்றரைக்கு. சூடு அதிகமான ராத்திரியில் மொட்டை மாடியில் பாயும் கம்பளியும் போட்டுப் படுப்பார்கள். மலை என்பதால் நள்ளிரவுக்கு மேல் குளிரும், கம்பளியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தேநீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆறு வாரத்தில் பெரும்பகுதி அதில்தான் போகும். சீனாவிலிருந்து வரும் சுருட்டிய பச்சைத் தேயிலை, புதினா, அப்புறம் சர்க்கரை. சர்க்கரை கூம்பு வடிவில் ஒரே கட்டியாக வரும், எடை 2 கிலோ. சுத்தியால் உடைத்துப் போடுவார்கள். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அந்தக் கூம்பைத்தான் கையில் கொண்டு போவார்கள். நீங்களும் முதல் நாள் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், லியோன் சாக்லேட்டைவிட மதிப்பு. முதல் குவளையை ஊற்றித் திரும்பக் கெண்டிக்குள்ளேயே கவிழ்ப்பார்கள், கலப்பதற்காக. அதைப் பார்த்து "எனக்குத்தானே ஊற்றினார்கள்" என்று கை நீட்டி அசடு வழிந்தவள் நான்.

உடை: சுடிதார். வேறு யோசனையே வேண்டாம். ஊரே துணியைத் தொட்டுப் பார்க்கும். கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கிப் போங்கள், திரும்பி வரும்போது உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கழிப்பறை நம் ஊர் மாதிரிதான், தண்ணீரும் வாளியும். ஐரோப்பியத் தோழிகள் திண்டாடுவார்கள், நீங்கள் திண்டாட மாட்டீர்கள்.

சாப்பாட்டில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. தாஜின் என்ற குழம்புச் சட்டியை நடுவில் வைத்து எல்லாரும் ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். அவரவருக்கு நேரே இருக்கும் பாகம்தான் அவரவருடையது, அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. கறி நடுவில் குவிந்திருக்கும், கடைசியில்தான் வீட்டம்மா பங்கிடுவாள். உங்களுக்கு நேரே உருளைக்கிழங்கும் காரட்டும் இருக்கும். குழம்பில் கறி வெந்த சாறு இருக்குமே என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்கும். அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முட்டையும் தக்காளியும் எந்த வீட்டிலும் உண்டு.

சந்தேகி | 2018 மே 2

இரண்டு வருடம் இருந்து மொழி கற்றவர் பேச்சு வேறு, ஆறு வாரக் கூட்டம் வேறு. சரி, ஒரு கேள்வி. நீங்கள் இருந்த காலத்தில் ரமலான் நடுக்கோடையில் வந்திருக்குமே. நோன்பு பிடித்தீர்களா? வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் நோன்பு பிடித்து அதைப் படம் எடுத்துப் போடுவது எனக்கு எப்போதும் நாடகமாகத்தான் படும்.

பழைய மூட்டை | 2018 மே 5

படம் எடுத்துப் போடவில்லை. ஆனால் நாடகம் ஆடினேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

2015இல் ரமலான் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடிந்தது. வருடத்தின் மிக நீண்ட பகல்கள். அப்போது மொராக்கோவில் கோடைக்கு முன்னால் தள்ளிய கடிகாரத்தை அந்த ஒரு மாதம் மட்டும் பழையபடி பின்னால் திருப்பிவைத்தார்கள், மாலைப் பாங்கு கடிகாரத்திலாவது ஒரு மணி நேரம் முன்னால் வரட்டும் என்று. சூரியனுக்கு அது தெரியாது. அதிகாலை மூன்றரை மணியிலிருந்து மாலை ஏழே முக்கால்வரை, பதினாறு மணி நேரத்துக்கு மேல், சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்த நிலையில் ஆண்கள் கோதுமை அறுக்கிறார்கள்.

முதல் நாள் தெருவில் கால் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே கேள்வி: "ஸாய்மா?" நோன்பா என்று. ஆமாம் என்றேன். பதினோரு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டைக்குள் ஒளித்துவைத்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தேன். சத்தம் வராமல் விழுங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்று நாள் இப்படி. ஒன்பது வயதுப் பெண் வீட்டில் இருந்தாள். அவள் மதியம்வரை நோன்பு பிடிப்பாள், மறுநாளும் மதியம்வரை. "இரண்டு அரை நாளையும் ஊசி நூலால் தைத்தால் ஒரு நோன்பு" என்பாள். அங்கே குழந்தைகளை அப்படித்தான் பழக்குகிறார்கள். அவள் என்னைப் பார்த்து "நீ முழு நாளும் பிடிக்கிறாயே" என்று வாயைப் பிளந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான்காம் நாள் மதியம் அறைக்குத் திரும்பினால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. மேலே துணி மூடியிருந்தது. உள்ளே ரொட்டி, முட்டை, ஒரு குவளை மோர். வீட்டம்மா எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்தத் தட்டு வந்தது. நான் நிஜமாகவே பிடித்த சில நாட்களில் அது தொடாமல் திரும்பிப் போகும், அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டாள். என் பொய்யை அவள் முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். இன்றுவரை அந்தத் தட்டை நினைத்தால் எனக்கு அவமானமும் நன்றியும் கலந்து வரும். ஒரு வேற்றாளுக்காக அந்தப் பெண் தன் வீட்டு ஒழுங்கையே வளைத்தாளே என்று.

காயல் லாத்தா | 2018 மே 24

நோன்பு நேரம், கஞ்சி அடுப்பில் இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுத நினைத்தேன். மூட்டையின் தட்டைப் படித்த பிறகு சுருக்கமாக வராது போலிருக்கிறது.

தங்கச்சி, அந்த வீட்டம்மா எதையும் வளைக்கவில்லை. நாலு பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ரமலான் முப்பது நாளும் ஒருத்தியாவது நோன்பில்லாமல்தான் இருப்பாள். மாதவிலக்கு வந்தவள், பிள்ளை பெற்றவள், பால் கொடுக்கிறவள், மாத்திரை போடுகிற பாட்டி. மார்க்கமே அவர்களுக்கு விலக்குத் தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், முடியாதவர்கள் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம். ஆனால் வாப்பா, காக்கா, தம்பி முன்னால் "எனக்கு இன்று நோன்பில்லை" என்று யாரும் அறிவித்துக்கொண்டு திரிவதில்லை. அதனால் எங்கள் உம்மா காலத்திலிருந்து அடுப்படியில் ஒரு மூடிய தட்டு இருக்கும். அது யாருக்கு என்று யாரும் கேட்கக் கூடாது. நானும் அதே அடுப்படி மூலையில் திரும்பி உட்கார்ந்து தின்றிருக்கிறேன். உங்களுக்கு வந்தது அந்தத் தட்டுதான். அவள் உங்களை விருந்தாளியாக வைக்காமல் வீட்டுப் பெண்கள் கணக்கில் சேர்த்துவிட்டாள். நீங்கள் என்னடாவென்றால் மூன்று வருடமாக அவமானப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

சந்தேகி தம்பிக்கு: வேற்று மதத்தார் நோன்பு பிடித்தால் எங்களுக்குக் கோபமில்லை. பிடிக்காவிட்டாலும் கோபமில்லை. எங்கள் பள்ளியில் அஸருக்குப் பிறகு கஞ்சி ஊற்றும்போது தூக்குச்சட்டியோடு வரும் வரிசையில் யார் என்ன மதம் என்று பார்ப்பதில்லை. பிடித்துவிட்டு "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்று எங்களிடமே வந்து சொல்வதுதான் சலிப்பு. நாங்கள் அதைக் கஷ்டம் என்று சொல்லவே இல்லையே, அம்மா!

பழைய மூட்டை | 2018 மே 25

லாத்தா, இதை மூன்று தடவை படித்துவிட்டேன். வீட்டில் மூன்று பெண்கள், மருமகள் கைக்குழந்தைக்காரி. அவளும் எங்கோ சாப்பிட்டிருக்கத்தான் வேண்டும். எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

வழிப்போக்கன் | 2018 மே 27

ஒரு நடைமுறைத் தகவல். மொராக்கோ தண்டனைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, முஸ்லிம் என்று அறியப்பட்டவர் ரமலானில் பொது இடத்தில் காரணமில்லாமல் நோன்பை முறித்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறை என்கிறது. முஸ்லிமல்லாத வெளிநாட்டாருக்குப் பொருந்தாது. ஆனாலும் தெருவில் பாட்டிலைத் தூக்கிக் குடிக்காமல் இருப்பதே மரியாதை. தேனிக்காரி போகும்போது நோன்பு முடிந்திருக்கும், ஆனால் ஆகஸ்ட் 22 வாக்கில் ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. சைவக்காரருக்கு நோன்பைவிட அதுதான் பெரிய சோதனை!

நான் போனது ஆணாக, அதனால் மூட்டை சொன்ன வீடு எனக்குக் கிடைக்கவில்லை. விருந்தினர் அறையில் உட்கார வைப்பார்கள், சாப்பாடு கதவுவரை வரும், பையன் வாங்கி வைப்பான். சமைத்தவர் முகத்தை இரண்டு மாதத்தில் நான் பார்க்கவில்லை. பகலெல்லாம் கடைத்தெருவில் ஆண்களோடு தேநீர், காற்பந்து. என் மொராக்கோவும் மூட்டையின் மொராக்கோவும் ஒரே ஊரில் இருந்தாலும் வெவ்வேறு நாடு.

தேனிக்காரி | 2018 மே 28

ஆகஸ்ட் 22ஆ! நான் நாட்காட்டியே பார்க்கவில்லை. கேசரி மறுபடி வருகிறது.

சந்தேகி, நீங்கள் கேட்டதற்கும் பதில்: 520 யூரோ, விமானம் தவிர. எவ்வளவு அந்த வீட்டுக்குப் போகிறது என்று சங்கத்தில் கேட்டேன். "ஒரு பகுதி" என்றார்கள். அதற்குமேல் பதில் வரவில்லை. ஆகவே வீட்டம்மாவிடம் நேரே தனியாகக் கொடுப்பதாக இருக்கிறேன்.

பழைய மூட்டை | 2018 மே 28

கையில் பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டாள், "ஹ்ஷூமா" என்பாள், வெட்கக்கேடு என்று. வாரச் சந்தைக்குக் கூடவே போய் எண்ணெய், சர்க்கரை, மாவு என்று வாங்கிப் போடுங்கள். சந்தை எந்தக் கிழமை என்று ஊர்ப்பெயரிலேயே பல இடத்தில் தெரிந்துவிடும், திங்கள் சந்தை, வியாழன் சந்தை என்று. சந்தை நாளில் பொதுக் குளியல் கூடத்துக்கும் போங்கள், ஹம்மாம் என்பார்கள். கறுப்புச் சோப்பைப் பூசி, சொரசொரப்பான கையுறையால் ஒரு கிழவி உங்கள் முதுகை உரிப்பாள். நல்லெண்ணெய்க் குளியலுக்குப் பழகிய உடம்புக்கு அது சொர்க்கம். வெளியே வந்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம் "ப்ஸ்ஸஹா" என்பார்கள், உடம்புக்கு நல்லதாகட்டும் என்று. பதிலை வீட்டுச் சின்னப்பெண்ணிடம் கேட்டுப் பழகுங்கள்.

தேனிக்காரி | 2018 செப்டம்பர் 9

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. நன்றி சொல்லாமல் இந்த இழையை விட்டுப் போக மனமில்லை.

முதலில் சந்தேகிக்கு. சுவரில் போன வருட வண்ணம் இருந்தது. மஞ்சள். நாங்கள் நீலம் பூசினோம். ஊர்க்காரர் ஒருவர் கொத்தனார், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தூரிகையைப் பிடுங்கி எப்படிப் பூசுவது என்று காட்டினார். அவருக்குக் கூலி கொடுக்கச் சொன்னேன், சங்கத்தின் கணக்கில் அதற்கு இடமில்லையாம். எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தோம். மீதி மூன்று பேரோடு இப்போது பேச்சில்லை.

வகுப்புக்கு மூட்டை அக்கா சொன்னபடி ஆறு பேர்தான். நாலாவது நாளிலிருந்து அவர்கள் எனக்குத் தங்கள் வீட்டில் பேசும் அமாசிக் மொழி கற்றுக்கொடுத்தார்கள். அமான் என்றால் தண்ணீர், அக்ரூம் என்றால் ரொட்டி. "அம்மா" என்று நான் வீட்டு நினைவில் சொன்னதும் ஒருத்தி ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஊரில் எனக்குப் பெயர் "ஹிந்திய்யா". ஷாருக் கான் எனக்கு என்ன உறவு என்று விசாரிக்காதவர் இல்லை. சந்தையில் ஒருவன் தள்ளுவண்டியில் "ஹிந்திய்யா, ஹிந்திய்யா" என்று கத்த, நான் திரும்பிப் பார்த்து முறைத்தேன். கூட வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். வண்டி நிறையச் சப்பாத்திக்கள்ளிப் பழம்! அங்கே அதன் பெயரே ஹிந்திய்யாதான். முள் சீவி, தோலைக் கீறி, அப்படியே வாயில் வைக்கிறார்கள். எங்கள் ஊர்க் கரட்டில் ஆடுகூடச் சீண்டாத செடி. இந்த வருடம் பூச்சி விழுந்து விலை ஏறிவிட்டதாகப் புலம்பினார்கள்.

இந்தக் கோடையில் பால், பாட்டில் தண்ணீர், பெட்ரோல் மூன்றிலும் சில பெரிய நிறுவனங்களைப் புறக்கணிக்கும் போராட்டம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. மலையில் பாலுக்கு மாடு இருக்கிறது, தண்ணீருக்கு ஊற்று இருக்கிறது. வீட்டய்யா சிரித்துக்கொண்டே "நாங்கள் பிறந்ததிலிருந்து புறக்கணிக்கிறோம்" என்றார். ஆகஸ்ட் வந்ததும் பிரான்சிலும் இத்தாலியிலும் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் கார் நிறைய மூட்டையோடு வந்து இறங்கினார்கள். வாரம் இரண்டு கல்யாணம். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் வரிசை கட்டி, பறை மாதிரி ஒரு வட்டத் தட்டைக் கொட்டி, விடியும்வரை ஒரே அடியைப் பாடி ஆடுகிறார்கள். அஹிதூஸ் என்று பெயர். எனக்குக் காலில் கொப்புளம்.

சரி, பெருநாள். முந்தின இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மாடியில் ஆடு, எனக்கு நேர் மேலே. காலையில் தொலைக்காட்சியில் மன்னர் குர்பானி கொடுப்பதைக் காட்டினார்கள், அது முடிந்ததும் ஊரில் தொடங்கியது. நான் உள்ளே ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். வீட்டம்மா கையில் ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்து, கரி அடுப்பு முன்னால் உட்காரவைத்தாள். முதல் நாள் ஈரலைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கம்பியில் குத்திச் சுடுவார்கள். நான் விசிற வேண்டும். முப்பது நாற்பது கம்பி இருக்கும். புகை கண்ணைக் கரித்து ஒரே தண்ணீர். நான் அழுகிறேன் என்று பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லிவிட்டன.

சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு ஒரு தட்டும் வரவில்லை. ஐயோ, மறந்துவிட்டார்களா என்று ஒரு நொடி. அப்புறம் பாட்டி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு இரத்த அழுத்தம், ஈரலும் கொழுப்பும் ஆகாது. ஒரே சட்டியில் தக்காளியும் முட்டையும், இரண்டு பேருக்கு. காயல் லாத்தா, உங்கள் அடுப்படி மூலைதான். பாட்டி எனக்கு நேரே இருந்த பக்கத்துக்கு மஞ்சள் கருவைத் தள்ளித் தள்ளிவிட்டாள்.

தாவரப்பித்தன் | 2018 செப்டம்பர் 9

இழைக்குச் சம்பந்தமில்லாமல்: அந்தப் பூச்சி கள்ளிச் செதிள்பூச்சி வகை. மொராக்கோவில் 2014இல் தென்பட்டு, சமவெளியில் கள்ளி வேலிகளையே தின்று தீர்த்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1926இல் தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி காடாய் மண்டியபோது அதை ஒழிக்க இதே இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு வரம், அவர்களுக்குச் சாபம். செடி இரண்டு ஊருக்குமே சொந்தமில்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

சந்தேகி | 2018 செப்டம்பர் 10

கொத்தனார் பெயரையும் எண்ணையும் வாங்கி வைத்திருந்தால், அடுத்த வருடம் சங்கத்தை விட்டுவிட்டு அவருக்கே நேரே அனுப்புங்கள். என்ன நிறம் என்று ஊர் முடிவு செய்யட்டும்.

காயல் லாத்தா | 2018 செப்டம்பர் 10

பாட்டிக்கு என் சலாம் சொல்லுங்கள். அங்கே மாவைச் சதுரமாக மடித்து ஒரு ரொட்டி சுடுவார்களாமே, என் மகள் யூடியூபில் பார்த்துவிட்டு நச்சரிக்கிறாள். நம்ம வீச்சுப் பரோட்டா மாவிலேயே வருமா?

தேனிக்காரி | 2018 செப்டம்பர் 11

ம்ஸெமன்! மைதாவோடு பாதிக்குப் பாதி சன்ன ரவை சேர்க்க வேண்டும் லாத்தா, அதுதான் வித்தியாசம். முட்டை கிடையாது. அரை மணி நேரம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, கையாலேயே கண்ணாடி மாதிரித் தட்டிப் பரப்பி, வெண்ணெயும் கொஞ்சம் ரவையும் தூவி, நாலு பக்கமும் உள்ளே மடித்துத் தோசைக்கல்லில் போடுங்கள். எனக்கு முதல் மூன்றும் கிழிந்தன. கிழிந்ததைப் பாட்டி தேனில் முக்கித் தின்றுவிட்டாள்.